விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை

பாயா ரும்புட் என்ற ஊரில் மைக்கேலைத் தெரியாத நாய் கிடையாது. முப்பத்தொரு வருஷம் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர். கேட்டைத் திறப்பார், நாயிடம் இரண்டு வார்த்தை பேசுவார், குனிந்து மீட்டரைப் படித்து எண்ணைக் குறித்துக்கொள்வார், கேட்டைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டிய அவசியமே வராது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நன்றி, வர்றேன்" என்று சரியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் பேச்சுத் துறை முழுவதும் மனைவி ஜெயமேரியின் பொறுப்பு. ஒரே மகன் ஆண்ட்ரூ சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை வருவான், ஞாயிற்றுக்கிழமை போவான். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பது மைக்கேல், ஜெயமேரி, ஆண்ட்ரூவின் மனைவி தேவிஸ்ரீ. தேவிஸ்ரீக்கு ஆயர் குரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் பெரிய சாலையில் லோரி பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஓட்டாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்பதால், அறுபத்து நான்கு வயது மைக்கேல்தான் மூன்றரை வருஷமாகத் தன் பழைய சாகா காரில் அவளைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயந்தரம் கூட்டி வருகிறார்.

போக அரை மணி நேரம், வர அரை மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தில் மாமனாரும் மருமகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது, "வந்துட்டியா", "வந்துட்டேன் மாமா", அவ்வளவுதான். மீதி நேரம் இருவரும் காரிலிருந்த வானொலியிடம் பேசினார்கள்.

காலை நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் ஒரு கேள்வி கேட்பார். ஒரு நாள், சோத்தோங் என்கிற கணவாய்க்கு எத்தனை இதயம் என்று கேட்டார். தேவிஸ்ரீ வானொலியைப் பார்த்து, "ஒன்னு" என்றாள். மைக்கேலும் வானொலியைப் பார்த்து, "மூனு" என்றார். அறிவிப்பாளர் மூன்று என்றார். "மூனு இதயம் இருக்கறத எப்படியா பொரிச்சு மிளகாச் சம்பல் போட்டுத் திங்கறீங்க?" என்று தேவிஸ்ரீ வானொலியைக் கேட்டாள். மைக்கேல் மூக்கால் சிரித்தார். வேறொரு நாள் யாரோ ஒருவர் போன் செய்து, மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிவிட்டு மனைவியின் வயதையும் சொன்னபோது, "இவரு இன்னிக்கு வெளியிலதான் சாப்பிடணும்" என்று மைக்கேல் அறிவிப்பாளரிடம் தெரிவித்தார். தேவிஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இதெல்லாம் பேச்சில் சேராது என்பது மைக்கேலின் எண்ணம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பிடித்திருந்தது. சனி, ஞாயிறுகளில் ஏழு மணி ஆனால் கை தானாகக் கார் சாவியைத் தேடும்.

இந்தப் பிரியத்தை அவர் வெளியில் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் உண்டு. கல்யாணப் பேச்சு வந்தபோது, "பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா நான் கோயில் கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்று சொன்னவர் அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். முகூர்த்தம் நடந்த இரண்டு மணி நேரமும், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வெளியே காரில் உட்கார்ந்து வானொலி கேட்டார். சாயந்தர விருந்துக்கு மட்டும் வந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டார். அப்படி நடந்துகொண்ட மனிதர் பிறகு போய், "உன்கூடக் காடியில போறது எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்று எந்த வாயால் சொல்வது? நல்லவேளையாக வானொலி இருந்தது.

இந்த வருஷம் மைக்கேலுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். ஒன்றரை மாதம் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேவிஸ்ரீ வாடகைக் காரில் போய் வந்தாள். கண் சரியாகி அவர் மறுபடி ஓட்டத் தொடங்கிய மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, பாயா ரும்புட் சந்தி தாண்டி, சாலையைத் தோண்டிச் சரியாக மூடாத ஒரு குழியில் கார் விழுந்து எழுந்தது. அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அத்தோடு நின்றுபோனார்.

நீல விளக்கு எரிந்தது. அலைவரிசை எண் தெரிந்தது. நேரம் சரியாகக் காட்டியது. சத்தம் மட்டும் இல்லை. மைக்கேல் ஒலியைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருகினார். முப்பத்தைந்து என்று எண் ஏறியது. அப்போதும் சத்தம் இல்லை.

"என்னாச்சு மாமா?"

"தெரியல."

அன்றைக்கு அவர்கள் பேசியது அதோடு சரி.

மைக்கேலிடம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன 555 நோட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். மீட்டர் பார்த்த காலத்துப் பழக்கம். அதில் அன்றே எழுதத் தொடங்கினார். 'முதல் நாள். விளக்கு எரிகிறது. சத்தம் இல்லை.' 'இரண்டாம் நாள். விளக்கு எரிகிறது. சத்தம் இல்லை.' மூன்றாம் நாளும் அப்படித்தான். சனி, ஞாயிறு கணக்கில் சேராது. எதற்கும் முதலில் சில நாள் கவனிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மீட்டர் எண் ஒரு நாள் கூடுதலாக ஏறினால் விருந்தாளி வந்திருப்பார். தொடர்ந்து ஏறினால்தான் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பத்து நாள் கவனித்தார். அந்தப் பத்து நாளும் தலையைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, ஏதாவது கரகரப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கார் ஓட்டினார். அவர் முகம் சாதாரணமாகவே கடுகடுப்பானது. புருவமும் சுருங்கினால் பார்ப்பவர்களுக்குக் கோபமாக இருக்கிறார் என்றே தோன்றும். பதினோராம் நாள், ஆயர் குரோ சிவப்பு விளக்கில் நிற்கும்போது தேவிஸ்ரீ மெல்லக் கேட்டாள்.

"மாமா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஸ்ஸ்" என்றார் மைக்கேல்.

அவள் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்றைய குறிப்பு: 'பதினோராம் நாள். லேசாகக் கரகரப்பு மாதிரி இருந்தது. தேவி பேசியதில் தவறிவிட்டது.'

பதினைந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜெயமேரி கடலோரச் செர்காமிலிருந்து வந்த மீனைக் குழம்பு வைத்திருந்தார். தேவிஸ்ரீ சாப்பிட்டு முடித்து அறைக்குப் போன பிறகு, மைக்கேலின் தட்டில் இன்னொரு துண்டு வைத்துக்கொண்டே சொன்னார்.

"என்னங்க, தேவி ஆயர் குரோவுல ஒரு வீடு பாத்திருக்கா. வாடகைக்கு. அடுத்த மாசம் ஒன்னாந்தேதி போறாங்களாம். அங்கேருந்து லைப்ரரிக்கு நடந்தே போயிரலாமாம்."

மைக்கேல் மீனில் முள் பார்த்தார். "ஆண்ட்ரூ என்ன சொல்றான்?"

"அவன் என்ன சொல்வான்? வெள்ளிக்கெழம எந்த வீட்டுல சோறு இருக்கோ அந்த வீட்டுக்கு வருவான்."

"ம்."

"நீங்க ஒன்னும் சொல்லலியா?"

"என்ன சொல்றது?"

"அதத்தான் நானும் மூனரை வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று ஜெயமேரி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மைக்கேல் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். நீல விளக்கு வந்தது. நெஞ்சில் ஏதோ அடைத்தது போலிருந்தது. மீன் முள் இல்லை, நன்றாகப் பார்த்துத்தான் சாப்பிட்டிருந்தார். அவள் போய்விட்டால் காலையில் யாரைக் கொண்டுபோய் விடுவது என்று நினைத்தபோது, விட ஆளே இல்லை என்பது தெரிந்தது. அவருக்கு அழுகை வரவில்லை, ஆனால் வந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

பிறகு மீட்டர்காரர் மூளை வேலை செய்தது. வானொலி பேசிய காலம் வரை இவள் வீடு பார்க்கவில்லை. வானொலி நின்ற பிறகு பார்த்துவிட்டாள். ஆகவே வானொலி பேசினால் வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். இந்தக் கணக்கில் ஒரு லோரி நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. ஆனாலும் அதில் அவருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. மருமகளிடம் எதுவும் பேச வேண்டியதில்லை, வானொலியைப் பழுது பார்த்தால் போதும்.

மறுநாள் தேவிஸ்ரீயை விட்டுவிட்டு வந்ததும் ஆரம்பித்தார். பாயா ரும்புட் கடை வரிசையின் கடைசியில் ஹரிதாஸ் என்பவர் கார்களுக்கு வானொலி, ஸ்பீக்கர், அலாரம் எல்லாம் பொருத்திக் கொடுக்கிறார். மைக்கேல் அவருக்குப் போன் போட்டு நோட்டுப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார்.

"அண்ணே, பதினஞ்சு நாளும் ஒன்னேதான எழுதியிருக்கீங்க? மொத்தமாச் சொல்லுங்கலா" என்றார் ஹரிதாஸ். பிறகு, "முதல்ல மியூட் பட்டன அமுக்கிப் பாருங்க. பாதிப் பேருக்கு வியாதி அதுதான்" என்றார்.

அமுக்கினார். திரையில் ஒரு எழுத்து வந்தது, மறுபடி அமுக்கினால் போனது. சத்தம் வரவில்லை. முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என்று சத்தத்தைப் பங்கு போட்டு அனுப்பும் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நடுவில் வைத்தார். வரவில்லை. பியூசைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார், புதுக் கண்ணுக்கு உள்ளே இருந்த கம்பி அறுபடாமல் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் புதிதாக ஒன்று போட்டார். பிறகு சிடி, பென்டிரைவ் எல்லாம் போட்டுப் பார்த்தார். திரையில் பாட்டு ஓடியது, எத்தனை நிமிஷம் முடிந்தது என்றுகூடக் காட்டியது. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

அடுத்த நாள் பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி மாட்டினார். 'பதினேழாம் நாள். நேரமும் போய்விட்டது. சத்தம் வரவில்லை.'

சனிக்கிழமை ஹரிதாஸ் போனில் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். கடிகாரத்துக்குப் போடும் சின்ன பேட்டரி ஒன்றை எடுத்து, ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். 'டொப்' என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. மைக்கேல் நான்கு கதவின் உள் அட்டைகளையும் பெயர்த்தார். வாரக் கடைசிக்கு வந்திருந்த ஆண்ட்ரூ வாசலில் நின்று பார்த்தான்.

"டேடி, புதுசு ஒன்னு வாங்கிப் போட்டுர்லாமே?"

"இது நல்லாத்தான் இருக்கு."

"சத்தம் வரலயே?"

"அது ஒன்னுதான்."

நான்கு ஸ்பீக்கரும் டொப், டொப் என்றன. அட்டைகளைத் திரும்ப மாட்டியபோது ஆறு கிளிப் உடைந்தது. அன்றிலிருந்து கார் ஓடும்போது நான்கு கதவும் கடகடவென்று ஆடின. காரில் வானொலியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சத்தம் வந்துவிட்டது. தேவிஸ்ரீ மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள். வீட்டில் அவள் அறை வாசலில் அட்டைப் பெட்டிகள் சேர ஆரம்பித்தன. நூலகத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அழகான கையெழுத்தில் ஒட்டியிருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள், ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மைக்கேல் தோல்வியை ஒப்புக்கொண்டு காரை ஹரிதாஸ் கடைக்கு ஓட்டிப் போனார்.

ஹரிதாஸுக்கு வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஓடும். பேசிக்கொண்டே டேஷ்போர்டின் முகப்பைக் கழற்றி, வானொலியை உறையிலிருந்து வெளியே இழுத்தார். அதன் பின்னால் இருந்த வயர்க் கொத்தைப் பிடுங்கிவிட்டு, பழைய டிவியிலிருந்து எடுத்த ஒரு குட்டி ஸ்பீக்கரை நேராக வானொலியில் மாட்டி, பெருவிரலை அதன் மேல் வைத்தார். அறிவிப்பாளர் வந்துவிட்டார். யாருக்கோ திருமண நாள் வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தார்.

மைக்கேல் தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்தார்.

"செட்டு ஓகே. ஸ்பீக்கர் ஓகேன்னு நீங்களே பாத்துட்டீங்க. அப்ப நடுவுல வயர்லதான் சூசா, அங்கதான் கோளாறு" என்றார் ஹரிதாஸ். "ஸ்பீக்கர் வயர் ரெண்டு ஒன்னோட ஒன்னு தொட்டுக்கிச்சுன்னா, செட்டு எரிஞ்சு போயிரக் கூடாதுன்னு தானே வாய மூடிக்கும். விளக்கு எரியும், நேரம் காட்டும், எல்லாம் செய்யும், பேசாது. ரோசக்கார சாமான்."

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கையை விட்டார். வயர்களைச் சேர்த்துச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பெல்லாம் வெயிலில் இளகி நழுவிப்போய், செம்புக் கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பிகளுக்கு நடுவே ஏதோ ஒன்று சொருகிக்கொண்டிருந்தது. மெதுவாக உருவி வெளியே எடுத்தார். பாதி அவிழ்ந்த மஞ்சள் துணி. அதற்குள் உள்ளங்கை அளவு செப்புத் தகடு.

ஹரிதாஸ் அதைப் பார்த்ததும் முதலில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்தார், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

"முன்னால மாதா, உள்ள முருகன். அண்ணே, உங்க காடிக்கு இன்சூரன்ஸே தேவையில்ல."

"என்ன அது?"

"மந்திரிச்ச தகடுண்ணே. அறுகோணம் போட்டு, நடுவுல வேல் போட்டிருக்கு பாருங்க. விபத்து வரக் கூடாதுன்னு கோயில்ல எழுதி வாங்கி வண்டியில வைப்பாங்க. கீழ காசு போடற பொந்து இருக்குல்ல, அதோட பின்பக்கம் ஒடஞ்சிருக்கு. அங்க வச்சிருப்பாங்க, குலுக்கல்ல உள்ள விழுந்துருச்சு. செம்புல்ல? விழுந்த இடத்துல வயர எல்லாம் சேத்துப் பிடிச்சுக்கிச்சு."

"என் காடியில யாரு வச்சா?"

"யாருக்குன்னு எழுதியிருப்பாங்க, இருங்க." ஹரிதாஸ் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்ச நேரம் வாயே திறக்காமல் பார்த்தார். அவருக்கு அது அபூர்வம். பிறகு படித்தார். "மைக்கேல் மாமா. மகம். சிம்மம்."

மைக்கேல் தகட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"துண்டுல எழுதிக் குடுத்தத பூசாரி அப்படியே வெட்டிட்டாரு போல. மாமாவையும் சேத்து" என்று ஹரிதாஸ் சிரித்தார்.

மைக்கேலுக்கு அக்கா தங்கை இல்லை. ஜெயமேரியின் அண்ணன் தம்பிகளுக்குப் பிள்ளை இல்லை. அவரை மாமா என்று கூப்பிடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

"மகம்னா?"

"உங்க நட்சத்திரம்ணே. சிம்மம் உங்க ராசி."

"எங்கள்ல அதெல்லாம் கெடையாதே."

"பொறந்த நேரம் தெரியாதவங்களுக்குப் பேரோட முதல் எழுத்த வச்சு ஒன்னு போடுவாங்க. 'ம'வுக்கு மகம். நட்சத்திரம் இல்லாம எழுத மாட்டாங்க, அதனால ஒங்களுக்கும் ஒன்னு கேட்டு வாங்கியிருக்காங்க."

மைக்கேல் தகட்டின் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். மீட்டர் எண்களைத் தவிர வேறு எதையும் அவர் அவ்வளவு நேரம் படித்ததில்லை. அவள் கோயிலுக்கு இவர் போகாமல் இருந்தார். இவர் பெயர் போயிருக்கிறது. பூசாரி நட்சத்திரம் கேட்டபோது அவள் என்ன சொல்லியிருப்பாள், எப்படிச் சமாளித்திருப்பாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறு பேர் இல்லை அதற்கு.

ஹரிதாஸ் வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, புது டேப் சுற்றி, இறுக்கிக் கட்டினார். பிறகு தகட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இதுக்கும் டேப் சுத்தினா நல்லது. ஆனா சாமித் தகட்டுல கறுப்பு டேப் சுத்தலாமான்னு தெரியலண்ணே. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள போட்டுருவமா?"

"வச்சவ எங்க வச்சாளோ அங்கதான் இருக்கணும்."

"அங்க வச்சா மறுபடி உள்ளதான் விழும்."

"உள்ளயே வைங்க. விழாத மாதிரி வைங்க."

மைக்கேல் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். காலையில் ஜெயமேரி இஸ்திரி போட்டுக் கொடுத்தது, இன்னும் மடிப்புக் கலையவில்லை. மஞ்சள் துணியோடு தகட்டை அதில் வைத்து நான்கு பக்கமும் மடித்துச் சுற்றினார். ஹரிதாஸ் அதை வயர்கள் படாத ஒரு மூலையில் வைத்து நூலால் கட்டினார். கதவு அட்டைகளுக்குப் புது கிளிப்பும் போட்டுக் கொடுத்தார். வானொலி பேசியது. நான்கு ஸ்பீக்கரிலும் பேசியது.

அன்று சாயந்தரம் நூலக வாசலில் தேவிஸ்ரீ காரில் ஏறியபோது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கேல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரேடியோ வந்துருச்சா மாமா?"

"ம்."

"நல்லதாப் போச்சு. இனி உங்களுக்குத் துணையா இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மைக்கேல் காத்திருந்தார். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வந்தார், ஏதோ கேள்வி கேட்டார். தேவிஸ்ரீ பதில் சொல்லவில்லை. மைக்கேலுக்குப் பதில் தெரியும், ஆனால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இன்னொரு பாட்டு வந்தது. இருபத்திரண்டு நாள் உழைப்பு வீணாகிக்கொண்டிருப்பதை அவர் ஒரு சந்தி, இரண்டு சந்தி என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். வானொலி நன்றாக இருந்தது. ஒழுகியது வேறு இடம்.

சிவப்பு விளக்கு விழுந்தது. மைக்கேல் கையை நீட்டி வானொலியை அணைத்தார்.

"தேவி, மகம் நல்ல நட்சத்திரமா?"

அவள் சட்டென்று திரும்பினாள். பிறகு காசு போடும் பொந்தைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"கெடச்சிருச்சா?"

"வயர்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் சத்தம் வரல."

"ஐயோ, என்னாலதானா?" அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கு அப்பத்தான் கண்ணு ஆபரேஷன் ஆயிருந்துச்சு. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு மாமா. அம்மா வீட்டுக்குப் போனப்ப அங்க உள்ள கோயில்ல எழுதி வாங்கினேன். நீங்க பாத்தா கோவிப்பீங்கன்னு அந்தப் பொந்துல ஒளிச்சு வச்சேன். மூனாவது நாள் பாத்தா இல்ல. உள்ள விழுந்துருச்சுன்னு தெரிஞ்சுச்சு, எடுக்க முடியல. சரி, உள்ள இருந்தா இன்னும் நல்லதுதான்னு விட்டுட்டேன்."

"உள்ளதான் இருக்கு. கட்டி வைக்கச் சொல்லிட்டேன்."

விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. மைக்கேல் காரை எடுத்து, கொஞ்ச தூரம் போய், ஓரமாக நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் காரணமில்லாமல் காரை ஓரம் கட்டியது கிடையாது.

"அந்த வீடு வேணாம்மா" என்றார்.

தேவிஸ்ரீ கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ரேடியோ போனதுலருந்து நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க மாமா. உடம்பு சரியில்லையான்னு கேட்டேன், 'ஸ்ஸ்'ன்னு அடக்கிட்டீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் தெனம் என்ன கூட்டிட்டு வர்றது உங்களுக்குப் பாரமா இருக்கு, சொல்ல முடியாம இருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் வீடு பாத்தேன்."

"கரகரன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதக் கேக்கத்தான்."

"என்ன சத்தம்?"

"ரேடியோவுல."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஸ்டீரிங்கைப் பார்த்தார்.

"நான் எப்பவுமே பேசறதில்லையேம்மா. ரேடியோ நல்லா இருந்தப்பவும் உன்கிட்ட நான் ஒரு வார்த்த பேசினதில்ல."

"பேசினீங்க மாமா. ரேடியோகிட்ட பேசினீங்க. எல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

மைக்கேல் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தார். புரை எடுத்த கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக நினைவில்லை, ஆகவே வந்ததைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். பையில் இல்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார். அறுபத்து நான்கு வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் ஜெயமேரியிடம்கூடச் சொன்னது கிடையாது. சொல்லி முடித்ததும் குனிந்து மீட்டரைப் படித்து முடித்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தேவிஸ்ரீ கைப்பையைப் பின்சீட்டில் தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்த மாசம் பூரா எனக்கு ஏழரை மணி டூட்டி மாமா. ஆறே முக்காலுக்கு வீட்டுலருந்து கெளம்பணும்."

"ஆறரைக்கே காடிய வெளிய எடுத்து வச்சிருப்பேன்" என்றார் மைக்கேல்.